கடைக் கட்டடமும் மின்வலுவும்: ஒரு வரலாற்று நோக்கு

ஒரு சமூகத்தின் வாணிபம் வளர்ந்த வரலாற்றை அதன் கடைக் கட்டடங்களும் உணர்த்தவல்லன. காரைதீவிலிருந்து சாய்ந்தமருது வழியாகக் கல்முனை வரை நீளும் கரையோரத்தில், முற்காலக் கடைகள் ஓட்டுக் கூரையும் முன்விறாந்தையும் பலகைக் கதவுகளும் கொண்டு, கடற்காற்றுக்கும் பகலொளிக்கும் திறந்திருந்தன. அவற்றின் வெம்மையைத் தணிக்க எரிபொருள் வேண்டியிருக்கவில்லை.

நீர்வலுவால் எழுந்த மின்சாரமும் புகையற்றதாகவே இருந்தது. 1918இல் பொறியியலாளர் டி. ஜே. விமலசுரேந்திரா நீர்மின் வாய்ப்பினை எடுத்துரைத்தார். 1950இல் இலக்சபானா நிலையம் இயங்கத் தொடங்கியது. 1949இல் ஆரம்பிக்கப்பட்ட கல்லோயாத் திட்டம் பட்டிப்பளை ஆற்றை இங்கினியாகலையில் மறித்து, வயலுக்கு நீரும் நாட்டுக்கு மின்வலுவும் அளித்தது. எனினும், 1996இன் வரட்சியும் மின்வெட்டும் நீரை மட்டும் நம்பியிருத்தல் இயலாதெனப் புலப்படுத்தின. எண்ணெய் எரிக்கும் நிலையங்கள் பெருகின. 2011இல் நுரைச்சோலை நிலக்கரி நிலையமும் இயங்கலாயிற்று.

1977இன் திறந்த பொருளாதாரக் கொள்கைக்குப் பின் பரவிய கண்ணாடி முகப்புக் கடைகளோ, காற்றை வெளியே நிறுத்திக் குளிரூட்டியை உள்ளே அமர்த்தின. மின்சாரத்தோடு காபனீரொட்சைட்டும் பெருகிய அதே காலத்திலேயே கடைகளின் மின்தேவையும் பெருகியமை ஆழ்ந்து நோக்கத்தக்கது.

இதற்கு அறிவியல் கண்ட வழிகளுள் ஒன்று கணிப்பு மாதிரியாகும். 1973ஆம் ஆண்டின் எண்ணெய் நெருக்கடியை அடுத்து ஐக்கிய அமெரிக்காவில் இம்முறை விரைந்து வளர்ந்தது. சுவர், கூரை, சாளரம், விளக்கு, வாடிக்கையாளர் வரவு, வானிலை ஆகியவற்றைக் கொண்டு, ஆண்டின் 8,760 மணித்தியாலங்களுக்கும் கட்டடம் கொள்ளும் வலுவைக் கணினி கணிக்கின்றது. கடையின் விளக்கு ஒளியோடு வெப்பத்தையும் தருவதால், அது குளிரூட்டியின் சுமையையும் கூட்டுகின்றது. விளக்கை மாற்றினால் இரு செலவும் குறையும் என்பதை மாதிரி முன்கூட்டியே காட்டும்.

இலங்கையில் மின்சார சபை 2000ஆம் ஆண்டிலும், நிலைபேறான சக்தி அதிகார சபை 2008ஆம் ஆண்டிலும் சிக்கன வலுப் பயன்பாட்டுக் கட்டட நெறிக்கோவைகளை வெளியிட்டன. ஆயினும், அவை பெருங் கட்டடங்களையே முதன்மையாக நோக்கின. 2004 டிசெம்பர் 26இல் கடல் கொண்ட இக்கரையில் மீண்டும் எழுந்தவற்றுட் பல சிறு கடைகளே. வாடகைக் கடையைக் கட்டுபவர் ஒருவர். மின்கட்டணம் செலுத்துபவர் வேறொருவர். ஆகவே, சிக்கனமாகக் கட்டும் ஆர்வம் கட்டுபவரிடத்து எழுவது அரிது. சிறு கடைக்கும் கணிப்பின் பயன் எட்டாவிடின் பச்சைவீட்டு வாயுக்களைக் குறைக்கும் முயற்சி முழுமை பெறாது.

காரைதீவில் 1892இல் தோன்றிய விபுலானந்த அடிகள், வழக்கொழிந்த யாழின் இயல்பைக் கணிதத்தின் துணையோடு ஆராய்ந்து 1947இல் யாழ் நூலை வெளியிட்டார். மறைந்ததைக் காட்டிய கணிதம், இனி எழவிருக்கும் கட்டடத்தின் இயல்பையும் காட்டும். அதனைக் கற்று ஊர்க்கடைகளுக்குப் பயன்படச் செய்தல் இத்தலைமுறையின் கடனாகும்.