புதுமுக வீரர் தேர்வு (தமிழ்நாட்டுக் கிரிக்கெட்)

பெரிய அரங்கில் ஆடியிராத இளம் வீரர்களைக் கண்டறிந்து, சோதித்துப் பார்த்து, தொழில்முறை அணியில் சேர்த்துக்கொள்ளும் நடைமுறை புதுமுக வீரர் தேர்வு எனப்படும். தமிழ்நாட்டுக் கிரிக்கெட்டில் இது புரவலர், நிறுவன லீக், பயிற்சிக்கூடம், ஏலம் என்று நான்கு கட்டங்களாக வளர்ந்தது. புதிய கட்டம் பழையதை அழிக்கவில்லை. கோடிகளில் விலைபோகும் வீரர்களில் பலர் இன்றும் சென்னை லீக்கின் கீழ்ப் பிரிவுகளிலிருந்தே வருகிறார்கள்.

தொடக்கம்

1846இல் தொடங்கப்பட்ட மெட்ராஸ் கிரிக்கெட் கிளப்பில் வெள்ளையருக்கு மட்டுமே இடமிருந்தது. அதற்குப் பதிலாக 1888இல் மெட்ராஸ் யுனைடெட் கிளப்பை நிறுவியவர் புச்சி பாபு நாயுடு. வசதி இல்லாத, ஆனால் ஆடத் தெரிந்த இளைஞர்களைத் தேடிப் பிடித்து, மட்டையும் உடையும் தந்து பழக்கினார். சென்னையில் ஆள்தேர்வு என்று சொல்லத்தக்க முதல் முயற்சி இதுதான். ஐரோப்பியருக்கும் இந்தியருக்குமான மாகாணப் போட்டிக்கு ஏற்பாடு செய்த அவர், 1908 டிசம்பரில் அது தொடங்கும் முன்பே காலமானார். அந்தப் போட்டி பின்னாளில் பொங்கல் ஆட்டமாக நிலைபெற்றது. அவர் பெயரிலான போட்டித்தொடர் இன்றும் நடக்கிறது.

1934 நவம்பரில் ரஞ்சிக் கோப்பையின் முதல் ஆட்டம் சேப்பாக்கத்தில் நடந்தது. ஒரே நாளில் மைசூரை மெட்ராஸ் வீழ்த்திய அந்த ஆட்டத்தில் ஏ.ஜி. ராம்சிங் 11 விக்கெட் எடுத்தார். மாகாண அணி என்று ஒன்று வந்ததும், அதற்கு ஆள் பொறுக்க ஒரு களம் தேவைப்பட்டது. லீக் ஆட்டங்கள் அந்தக் களமாயின.

நிறுவன அணிகள்

சென்னை லீக் பல டிவிஷன்கள் கொண்ட ஏணி. சுதந்திரத்துக்குப் பின் அதைத் தாங்கியவை நிறுவனங்கள். தென்னக ரயில்வே, பாரத ஸ்டேட் வங்கி, இந்தியன் வங்கி, இந்தியா பிஸ்டன்ஸ் ஆகியவை சொந்த அணி வைத்திருந்தன. ஜாலி ரோவர்ஸ் கிளப்பை 1966 முதல் சன்மார் குழுமம் நடத்துகிறது. இந்தியா சிமென்ட்ஸ் ஒன்றுக்கு மேற்பட்ட அணிகளுக்குப் புரவலராக இருந்தது.

அன்றைய ஒப்பந்தம் ஒரு வேலை உத்தரவு. கல்லூரி அணியில் சதம் அடித்த பையனுக்கு வங்கியில் எழுத்தர் வேலை கிடைக்கும். காலையில் கையெழுத்துப் போட்டுவிட்டு மதியம் நெட்ஸுக்குப் போகலாம். ஆட்டத்தில் கிடைக்கும் பணம் சொற்பம்தான், ஆனால் வேலை ஓய்வுக்காலம்வரை நிற்கும். நடுத்தரக் குடும்பங்கள் பிள்ளையைக் கிரிக்கெட்டுக்கு அனுப்பத் துணிந்ததற்கு இந்த உத்தரவாதம் ஒரு முக்கியக் காரணம். அணிக்கு ஆள் எடுத்தவர்கள் பெரும்பாலும் பழைய ஆட்டக்காரர்கள். பள்ளி, கல்லூரிப் போட்டிகளை மைதான ஓரத்தில் நின்று பார்த்துப் பெயர் குறித்துக்கொள்வார்கள்.

வேகப்பந்துக்கு ஒரு கூடம்

சென்னை லீக் சுழற்பந்து வீச்சாளர்களையும் மட்டையாளர்களையும் தந்த அளவுக்கு வேகப்பந்து வீச்சாளர்களைத் தரவில்லை. 1987இல் ரவி மாமனின் முயற்சியில் தொடங்கிய எம்.ஆர்.எஃப். பேஸ் ஃபவுண்டேஷன் இந்தக் குறையைக் குறிவைத்தது. ஆஸ்திரேலியாவின் டென்னிஸ் லில்லி தலைமைப் பயிற்சியாளராக வந்தார். நாடு முழுவதிலிருந்தும் பையன்களை வரவழைத்து, ஓட்டம், தோள், மணிக்கட்டு என்று பிரித்துப் பார்த்துத் தேர்ந்தெடுத்தார்கள். ஜவகல் ஸ்ரீநாத், ஜாகீர் கான் போன்றோர் இங்கு பயின்றனர். வேகப்பந்து வீச ஆசைப்பட்டு வந்த சிறுவன் சச்சின் டெண்டுல்கரை, மட்டையைப் பிடிக்கச் சொல்லித் திருப்பி அனுப்பியதும் இந்தக் கூடம்தான். யாரை வேண்டாம் என்பதும் தேர்வின் ஒரு பகுதியே.

ஐபிஎல்: டிராஃப்டும் ஏலமும்

தொழில்முறை விளையாட்டுகளில் புதுமுகங்களைப் பங்கிட இரு வழிகள் உண்டு. டிராஃப்ட் முறையில் அணிகள் வரிசைப்படி ஒவ்வொருவராக எடுக்கும். முந்தைய ஆண்டில் கடைசியில் வந்த அணிக்கு முதல் வாய்ப்பு. அமெரிக்கக் கால்பந்தில் 1936இல் வந்த இம்முறையை ஆஸ்திரேலிய விதிக் கால்பந்து லீக் 1986இல் ஏற்றது. 1997இல் புதுமுகங்களுக்கென்று தனி டிராஃப்டும் அங்கே சேர்ந்தது. முதன்மைப் பட்டியலில் இடம்பெறாத இளைஞர்களைக் குறைந்த ஊதியத்தில் வைத்துப் பழக்கிப் பார்க்க அது உதவுகிறது. இரண்டாவது வழி ஏலம். அதில் பணப்பை பேசும்.

2008இல் பிறந்த ஐபிஎல் பெரிய வீரர்களுக்கு ஏலத்தை வைத்தது. 19 வயதுக்குட்பட்டோர் உலகக்கோப்பையை வென்ற பையன்களுக்கு மட்டும் அவ்வாண்டு மார்ச்சில் டிராஃப்ட் நடந்தது. முதல் வாய்ப்புப் பெற்ற டெல்லி, இடதுகை வேகப்பந்து வீச்சாளர் பிரதீப் சங்வானை எடுத்தது. விராட் கோலி பெங்களூருக்குப் போனார். கையில் மட்டையாளர்கள் நிறைய இருந்ததால் டெல்லிக்கு அன்று அது சரியான கணக்காகவே பட்டது. அணியின் அப்போதைய தேவையைப் பார்ப்பதா, பையனின் எதிர்காலத்தைப் பார்ப்பதா என்ற கேள்விக்கு இன்றும் இதையே எடுத்துக்காட்டுகிறார்கள்.

சென்னை சூப்பர் கிங்ஸை இந்தியா சிமென்ட்ஸ் வாங்கியதால், லீக்கில் ஆள் பார்த்த கண்களே இங்கும் பயன்பட்டன. முதல் அணியைக் கட்டியவர்களில் முக்கியமானவர் முன்னாள் வீரர் வி.பி. சந்திரசேகர். தோனியை எடுக்க வலியுறுத்தியவரும் அவரே. உள்ளூர் வீரர்களாகச் சேர்ந்தவர்களில் ஒருவர் ரவிச்சந்திரன் அஸ்வின், காலவாக்கம் எஸ்.எஸ்.என். பொறியியல் கல்லூரியில் படித்தவர். 2009இல்தான் அவருக்கு முதல் ஆட்டம் கிடைத்தது.

சர்வதேச ஆட்டம் ஆடாத இந்திய வீரர்கள் தொடக்க ஆண்டுகளில் ஏலத்துக்கு வரவில்லை. அணிகள் நேரடியாகப் பேசி முடித்தன. 2014இல்தான் அவர்களுக்கும் ஏலம் வந்தது. அதன்பின் ஒரு மாநிலத்து வீரர் எந்த அணிக்கும் போகலாம், எந்த அணியும் எங்கிருந்தும் எடுக்கலாம் என்றாயிற்று.

தமிழ்நாடு பிரீமியர் லீக்

2016இல் எட்டு அணிகளுடன் தொடங்கிய டிஎன்பிஎல், நகர லீக்கின் ஆட்டக்காரர்களை முதன்முதலாகத் தொலைக்காட்சிக்குக் கொண்டுவந்தது. திண்டுக்கல், மதுரை, தூத்துக்குடி, கோவை என்று மாவட்டப் பெயர்களைத் தாங்கிய அணிகள் டிராஃப்ட் முறையில் வீரர்களைப் பிரித்துக்கொண்டன. அதுவரை ஒரு வீரரைப் பற்றி அறிய மும்பையிலிருந்தோ ஐதராபாத்திலிருந்தோ ஆள் வந்து நிற்க வேண்டியிருந்தது. இனி வீடியோ போதும்.

முதல் பயன் டி. நடராஜனுக்கு. சேலம் மாவட்டம் சின்னப்பம்பட்டியில் டென்னிஸ் பந்தில் யார்க்கர் போட்டுப் பழகியவர் அவர். ஊர்க்காரர் ஜெயப்பிரகாஷ் சென்னைக்கு அனுப்பிவைத்தார். நான்காம் டிவிஷனில் பி.எஸ்.என்.எல். அணி, பிறகு விஜய் கிரிக்கெட் கிளப், ஜாலி ரோவர்ஸ் என்று ஏணிப்படி ஏறினார். 2015இல் ரஞ்சியில் அறிமுகமான கையோடு பந்துவீச்சு முறை பற்றிப் புகார் எழுந்தது. தமிழ்நாடு கிரிக்கெட் சங்கத்தின் பயிற்சியாளர்களிடம் கையைத் திருத்திக்கொண்டு திரும்பினார். 2016 டிஎன்பிஎல்லில் திண்டுக்கல் டிராகன்ஸுக்காக ஒரு சூப்பர் ஓவரில் யார்க்கர்களாகவே போட்டார். அடுத்த பிப்ரவரியில் 10 லட்ச ரூபாய் அடிப்படை விலையில் இருந்தவரைப் பஞ்சாப் 3 கோடிக்கு எடுத்தது. 2020–21 ஆஸ்திரேலியச் சுற்றுப்பயணத்துக்கு வலைப்பயிற்சிப் பந்துவீச்சாளராகப் போனவர், மூன்று வகை ஆட்டத்திலும் இந்தியாவுக்கு அறிமுகமாகித் திரும்பினார்.

வருண் சக்கரவர்த்தியின் வழி இன்னும் சுற்றானது. பள்ளியில் விக்கெட் கீப்பர். ஆட்டத்தை விட்டுவிட்டு எஸ்.ஆர்.எம். பல்கலைக்கழகத்தில் கட்டடக்கலை படித்து வேலையும் பார்த்தார். டென்னிஸ் பந்து ஆட்டம்தான் அவரைத் திரும்ப இழுத்துவந்தது. குரோம்பெஸ்ட் கிளப்பில் வேகப்பந்து வீசி முழங்காலில் அடிபட்டபின் சுழலுக்கு மாறினார். நான்காம் டிவிஷனில் ஜூபிலி கிளப்புக்காக 2017–18இல் ஏழு ஆட்டங்களில் 31 விக்கெட். 2018இல் கோப்பை வென்ற மதுரை பாந்தர்ஸில் இடம். அந்த டிசம்பரில் 20 லட்சத்தில் தொடங்கிய ஐபிஎல் ஏலம் 8.4 கோடியில் நின்றது.

2023இல் டிஎன்பிஎல்லும் டிராஃப்டைக் கைவிட்டு ஏலத்துக்கு மாறியது. சாய் சுதர்சனை 21.6 லட்சத்துக்குக் கோவை கிங்ஸ் எடுத்தது. ஐபிஎல்லில் குஜராத் டைட்டன்ஸ் அவருக்குத் தந்தது அப்போது 20 லட்சம். மாநில லீக்கின் விலை தேசிய லீக்கின் விலையை மிஞ்சிய இந்த விநோதம் நீடிக்கவில்லை. 2025 பருவத்துக்குக் குஜராத் அவரை 8.5 கோடிக்குத் தக்கவைத்தது. அவ்வாண்டு 759 ஓட்டங்களுடன் ஐபிஎல்லில் முதலிடம் பிடித்தார்.

பெண்கள்

2023இல் தொடங்கிய மகளிர் பிரீமியர் லீக் பெண்களுக்கும் ஏலத்தைத் திறந்தது. 2024 டிசம்பரில் மதுரையைச் சேர்ந்த 16 வயது ஜி. கமலினியை, 10 லட்சம் அடிப்படை விலையிலிருந்து 1.6 கோடிக்கு உயர்த்தி மும்பை எடுத்தது. ஆண்களுக்கு இருப்பது போன்ற ஆழமான நிறுவன லீக் பெண்களுக்கு இல்லாததால், பயிற்சிக்கூடமும் மாநில இளையோர் அணியும்தான் அவர்களைக் காட்டும் சன்னல்கள்.

விமர்சனங்கள்

நடராஜன், வருண், சாய் சுதர்சன் மூவருமே சென்னை அணிக்கு ஆடவில்லை என்பது சேப்பாக்கம் ரசிகர்களின் நீண்ட மனக்குறை. 2023இல் இது சட்டமன்றத்திலேயே எழுந்தது. தமிழ்நாட்டு வீரர்களுக்கு இடம் தராத அணியைத் தடைசெய்ய வேண்டும் என்று ஓர் உறுப்பினர் பேசினார். ஏலத்தில் விலை ஒரு அளவைத் தாண்டினால் எந்த அணியும் பின்வாங்கும் என்பது மறுதரப்பு வாதம். தவிர, சென்னை நெடுங்காலம் அனுபவசாலிகளையே நம்பியது. 2021இல் சர்வதேச ஆட்டம் ஆடாத கிருஷ்ணப்பா கௌதமை 9.25 கோடிக்கு வாங்கி ஓர் ஆட்டமும் தரவில்லை. கடைசி இடம் வந்த 2025 பருவத்தில் போக்கு மாறியது. பருவத்தின் நடுவிலேயே இளைஞர்களைச் சென்னைக்கு அழைத்துச் சோதித்து ஆயுஷ் மாத்ரேயைச் சேர்த்தார்கள். அவ்வாண்டு டிசம்பர் ஏலத்தில் பிரசாந்த் வீர், கார்த்திக் சர்மா இருவருக்கும் தலா 14.2 கோடி கொடுத்தார்கள். இருவருமே வடமாநிலத்தவர்.

பிற விளையாட்டுகள்

புரோ கபடியில் ‘புதிய இளம் வீரர்’ என்றே ஒரு பிரிவு உண்டு. ஏலத்துக்கு வெளியே, சிறு தொகையில் இவர்களைச் சேர்க்கலாம். ஆஸ்திரேலியப் புதுமுகப் பட்டியலுக்கு இந்தியாவில் மிக நெருக்கமானது இதுதான். தமிழ் தலைவாஸ் இவ்வழியில் எடுத்த நரேந்தர், 2022இல் தன் முதல் பருவத்திலேயே 243 ரெய்டுப் புள்ளிகள் குவித்தார். ஆனால் இந்த வாசல் ஆண்களுக்கு மட்டும். சென்னை கண்ணகி நகரைச் சேர்ந்த கார்த்திகா 2025இல் பஹ்ரைனில் ஆசிய இளையோர் விளையாட்டில் தங்கம் வென்ற இந்தியக் கபடி அணியில் ஆடியவர். அவரை ஏலம் கேட்கப் புரோ கபடியில் ஒரு மகளிர் லீக் இல்லை.

தென்புறநகர்

தாம்பரம், மேடவாக்கம், வேளச்சேரி, பழைய மகாபலிபுரம் சாலை அடங்கிய தென்புறநகர் இந்த வரலாற்றில் தாமதமாக நுழைந்தது. பழைய லீக்கின் மையம் சேப்பாக்கமும் மயிலாப்பூரும். நகரத்துக்குள் மைதானங்கள் குறைந்தபோது, குருநானக் கல்லூரி, எஸ்.எஸ்.என். போன்ற கல்லூரித் திடல்களுக்கு லீக் ஆட்டங்கள் நகர்ந்தன. வேளச்சேரி–தாம்பரம் சாலையும் சோழிங்கநல்லூர், மாம்பாக்கம் சாலைகளும் கூடும் மேடவாக்கத்தில், அடுக்ககங்கள் எழும்பாத காலி மனைகள் டென்னிஸ் பந்துக்குக் களமாயின. மனைகள் குறையக் குறைய, மணிக்கணக்கில் வாடகைக்கு விடும் வலைக்கூண்டுகள் அந்த இடத்தைப் பிடித்தன. 2024இல் தொடங்கிய இந்தியத் தெருப் பிரீமியர் லீக்கில் சென்னை சிங்கம்ஸ் அணி வந்தபின், டென்னிஸ் பந்து ஆட்டத்துக்கே தனி டிரையல்ஸும் ஏலமும் உண்டு.

சூப்பர் கிங்ஸின் உயர்திறன் பயிற்சி மையம் இப்போது நாவலூரில் இருக்கிறது. மேடவாக்கத்திலிருந்து பதினைந்து கிலோமீட்டருக்குள் போய்விடலாம். ஆனால் அந்தக் கதவு திறப்பதற்கு முன் ஒரு பையன் கீழ் டிவிஷன் கிளப்பில் பதிவுபெற வேண்டும், ஞாயிற்றுக்கிழமை வெயிலில் ஆள் இல்லாத திடலில் விக்கெட் எடுக்க வேண்டும், அது ஸ்கோர் புத்தகத்தில் ஏற வேண்டும். வருணின் 31 விக்கெட்டுகளும் முதலில் பதிவானது அப்படியொரு புத்தகத்தில்தான்.