தூக்கம்

தூக்கம்: உறக்கம், உறக்கம் வருமுன் கண்ணைச் சொக்கவைக்கும் கிறக்கம். ‘நல்ல தூக்கம்’ என்றால் முன்னது, ‘தூக்கமா வருது’ என்றால் பின்னது.

வேர்ச்சொல்லான ‘தூங்கு’ பழைய இலக்கியத்தில் பெரும்பாலும் தொங்குதலையும் அசைதலையும் குறித்தது. குறுந்தொகையின் தூங்கணங்குருவி (தூக்கணாங்குருவி) கூட்டைத் தொங்கவிடும் பறவை. புறநானூற்றின் தூங்கெயில், சோழன் அழித்த தொங்கும் கோட்டை. வஞ்சிப்பாவின் ஓசைக்குத் தூங்கலோசை என்று பெயர். திருக்குறள் 672இல் தூங்குதல் என்பது காலம் தாழ்த்துவது. உறக்கத்துக்கு வள்ளுவர் ‘துயில்’, ‘உறங்கு’ போன்ற சொற்களையே எழுதுகிறார். ‘மேசையில் ஃபைல் தூங்குது’ என்பவர் அறியாமலே வள்ளுவர் வழக்கில் பேசுகிறார். உட்கார்ந்தபடி கண் அயர்பவரின் தலை தொங்கி ஆடுவதைப் பார்த்தால், இன்றைய பொருள் எப்படி வந்தது என்பதற்கு அகராதி வேண்டியதில்லை.

1017இல் இராமானுசர் பிறந்த ஸ்ரீபெரும்புதூரில் இச்சொல்லுக்குக் கோயிலில் இடமில்லை. வைணவ மரபில் பெருமாள் ‘கண்வளர்ந்தருளுவார்’. அவர் கொள்வது அறிதுயில், எல்லாம் அறிந்தபடியே துயில்வது. தூக்கம் மனிதருக்கானது.

அந்த மனிதத் தூக்கத்தின் கடும் சோதனைக்களம் ஊரைச் சுற்றியுள்ள தொழிற்சாலைகள். இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் 1998இலும் ஒரகடத்தில் ரெனோ-நிசான் 2010இலும் கார் உற்பத்தியைத் தொடங்கின. 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டம் பெண்களுக்கு விதித்திருந்த இரவு வேலைத் தடையைச் சென்னை உயர் நீதிமன்றம் 2000இல் செல்லாதென்றது. அதன்பின் வந்த மின்னணு ஆலைகளில் இளம்பெண்களும் நைட் ஷிப்ட் பார்த்தார்கள். உடலின் உள்கடிகாரப்படி விழிப்பு மிகவும் தாழ்வது விடியலுக்கு முந்தைய மணிநேரங்களில், உற்பத்தி லைனோ நிற்பதில்லை. ‘தூக்கம் சொக்குது’, ‘கண்ணு அசந்துட்டேன்’ என்பவை அங்கே சோம்பலின் பேச்சல்ல, இயந்திரத்தருகே அபாய அறிவிப்பு. காலையில் ஷிப்ட் பஸ்ஸின் சன்னலில் சாய்ந்து ஆடும் தலைகளுக்குச் சங்ககாலப் பொருளே பொருந்தும். பகலில் படுத்தாலும் வெளிச்சமும் வெக்கையும் விடுவதில்லை, கிடைப்பது அரைத்தூக்கம்.

குமரி மாவட்டக் கொல்லங்கோட்டில் ‘தூக்கம்’ இன்றும் தொங்குதல்தான்: குழந்தைகளை ஏந்தியபடி அந்தரத்தில் தொங்கி வலம்வரும் நேர்ச்சைத் திருவிழா. இலங்கைத் தமிழர் ‘நித்திரை வருது’ என்பர். ஒரகடத்து வாடகை அறைகளில் தங்கும் வடமாநிலத் தொழிலாளர் சொல்லும் ‘நீந்த்’, அந்த நித்திரைக்கு உறவு.