பீதுருதாலகால கோபுரமும் திகன நெருப்பும்

மேகம் விலகினால் நுவரெலியா டவுனிலிருந்தே பீதுருதாலகால தெரியும். 2524 மீற்றர், நாட்டின் மிக உயர்ந்த மலை என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்கிறோம். உச்சியில் நிற்கும் கோபுரத்தைப் பற்றித்தான் அதிகம் பேசுவதில்லை.

1979 ஏப்ரலில் தொடங்கிய ஐ.டி.என். ஆரம்பத்தில் கொழும்பையும் அதன் சுற்றுப்புறத்தையும் தாண்டவில்லை. 1982 பெப்ரவரி 15 இல் ஜப்பான் உதவியோடு ரூபவாஹினி வந்தது. இந்த உச்சியிலிருந்துதான் அதன் படம் நாடெங்கும் போனது. கோபுரம் எங்கள் தலைக்கு மேலே, ஆனால் கீழே பல லயங்களில் கரண்ட் இல்லை. கார் பெட்டரியில் டீவி ஓடியது. பெட்டரியை டவுனுக்குத் தூக்கி வந்து சார்ஜ் ஏற்றிப் போவார்கள். ஒரு வீட்டில் பெட்டி இருந்தால் முழு லயமும் அந்த வாசலில்தான். எங்கள் வீடுகளில் பெரியவர்கள் டீவி கூடுமா கூடாதா என்று வாதாடிக்கொண்டே இருந்தார்கள். வாதம் முடியுமுன் பெட்டி உள்ளே வந்துவிட்டது.

பதினேழே மாதத்தில் கறுப்பு ஜூலை. நுவரெலியாவிலும் தமிழர் கடைகள் எரிந்தன. 1983 ஜூலை 28 இல் ஜனாதிபதி ஜே.ஆர். ஜயவர்தன டீவியில் பேசினார். இறந்த தமிழர்களுக்காக ஓர் அனுதாப வார்த்தைகூட இல்லை. நாட்டில் இருந்தது அரசின் திரை மட்டுமே. அது எதைச் சொல்லாமல் விட்டதோ அதுதான் காயமாக நின்றது.

2018 இல் நிலைமை தலைகீழ். இப்போது திரை ஒவ்வொருவர் கையிலும் இருந்தது, எல்லோரும் பேசினார்கள். பெப்ரவரி கடைசியில் அம்பாறையில் ஒரு முஸ்லிம் சாப்பாட்டுக் கடையில், கறியில் கருத்தடை மாத்திரை போட்டாயா என்று ஒரு கூட்டம் கேட்டது. சிங்களம் சரியாகப் புரியாத கடைக்காரர் தலையாட்டினார். அதுவே 'ஒப்புதல்' வீடியோவாகி ஃபோனுக்கு ஃபோன் பறந்தது. அந்தக் கட்டி வெறும் மாவு என்று அரச பகுப்பாய்வாளர் பிறகு சொன்னார். அதை யார் ஷெயார் செய்தார்கள்?

அதே நாட்களில் தெல்தெனியவில் முஸ்லிம் இளைஞர் சிலர் தாக்கியதில் ஒரு சிங்கள லொறிச் சாரதி உயிரிழந்தார். அது குற்றம், அதில் எங்களுக்கு இரண்டு பேச்சில்லை. ஆனால் அதற்காகத் திகனயில் கடைகளும் வீடுகளும் பள்ளிவாசல்களும் எரிந்தன. எரிந்த வீட்டுக்குள் ஓர் இளைஞர் மௌத்தானார். மார்ச் 6 அவசரகாலச் சட்டம், மறுநாள் பேஸ்புக், வட்ஸ்அப் தடை. (எங்கள் மாணவர்கள் வீபிஎன் போடக் கற்றுக்கொண்டது அந்த வாரத்தில்தான்!) சிங்களத்தில் வந்த வெறுப்புப் பதிவுகளைப் படித்து நீக்கப் போதிய ஆட்கள் பேஸ்புக்கிடம் இருக்கவில்லை. கலவரத்தில் தன் தளத்துக்கு இருந்த பங்குக்காக 2020 மே மாதம் அந்தக் கம்பனி மன்னிப்புக் கேட்டது.

2019 மே மாதம் சிலாபத்தில் என்ன நடந்தது? ஒரு முஸ்லிம் கடைக்காரர் ஆங்கிலத்தில் எழுதிய ஒரு வரியை மிரட்டலாக வாசித்தார்கள். மறுநாள் குருநாகல், மினுவாங்கொடை வரை தீ.

மூன்று இடத்திலும் இடையில் நின்றது மொழி. கடைக்காரருக்குச் சிங்களம் தெரியவில்லை, கம்பனியிடம் சிங்களம் தெரிந்த ஆள் போதவில்லை, கூட்டத்துக்கு ஆங்கிலம் புரியவில்லை. ஃபோனைக் குறை சொல்வது எங்களுக்கு இலேசு. ஆனால் எங்கள் தோட்டப் பாடசாலைகள் பலவற்றில் இரண்டாம் மொழிச் சிங்களம் நேரசூசியில் இருக்கிறது, கற்பிக்க ஆசிரியர் இல்லை. அந்தப் பாடவேளையில் பிள்ளைகள் கணக்குச் செய்கிறார்கள்.