பாலியல் நாட்டமும் பெருமிதமும்: ஒரு சொல்லின் வரலாறு

ஒவ்வோர் ஆண்டும் ஜூன் மாதம் பிறந்ததும் உலகின் பெருநகரங்கள் பலவற்றில் வானவில் கொடிகள் ஏற்றப்படுகின்றன. நமது பத்திரிகைகள் நெடுங்காலமாக 'ஓரினச் சேர்க்கையாளர்' என்று எழுதிவந்த, இன்று தன்பாலீர்ப்பாளர் என்று பலராலும் குறிப்பிடப்படுகின்ற மக்கள் தமது ஆதரவாளர்களுடன் வீதிகளில் அணிவகுத்துச் செல்கின்றனர். அந்த அணிவகுப்புகளுக்கு 'பிரைட்' என்று பெயர். தமிழில் அதனைப் பெருமை என்றும் பெருமிதம் என்றும் சொல்லிவருகிறோம்.

அதே காலப்பகுதியில் ஒரு கேள்வியும் தவறாமல் எழுப்பப்படுகிறது. முயன்று பெற்ற ஒன்றுக்காக ஒருவர் பெருமைப்படலாம். தாம் தெரிவு செய்யாத, தம்மிடம் இயல்பாகவே அமைந்துவிட்ட பாலியல் நாட்டத்துக்காகப் பெருமைப்படுவதற்கு என்ன இருக்கிறது? எதிர்ப்பாலாரை விரும்புகின்றவர்கள் அதற்காக ஊர்வலம் போகிறார்களா?

இக்கேள்வியைக் கேட்பவர்கள் அனைவரும் வெறுப்புணர்ச்சியினால் கேட்பவர்கள் அல்லர். தர்க்கரீதியில் அதில் ஓரளவு நியாயமும் இருக்கிறது. ஆனால், அந்தச் சொல் எந்தச் சூழ்நிலையில், எதற்குப் பதிலாகப் பிறந்தது என்பதைப் பார்க்காமல் அதன் பொருளைத் தீர்மானிக்க முடியாது.

குற்றவாளி, நோயாளி, பாவி

1950 களின் அமெரிக்காவிலிருந்து தொடங்குவோம். கம்யூனிஸ எதிர்ப்புப் பீதி உச்சத்தில் இருந்த காலம் அது. 1953 ஏப்ரலில் ஜனாதிபதி ஐசன்ஹோவர் பிறப்பித்த 10450 ஆம் இலக்க நிறைவேற்று ஆணை, சமஷ்டி அரசாங்க ஊழியர்களின் நம்பகத்தன்மையை ஆராயும்போது கவனிக்கப்பட வேண்டிய காரணிகளில் ஒன்றாகப் 'பாலியல் பிறழ்வையும்' சேர்த்துக்கொண்டது. அதன் விளைவாகப் பெருந்தொகையானோர் வேலையிழந்தனர். இத்தகையவர்களின் இரகசியத்தை வைத்து எதிரி நாடுகள் அவர்களை மிரட்டி உளவு வேலையில் ஈடுபடுத்தலாம் என்பதே சொல்லப்பட்ட பிரதான நியாயம். அந்த இரகசியத்தை அவர்கள் மீது திணித்தது யார் என்ற கேள்வியை அரசாங்கம் தன்னிடம் கேட்டுக்கொள்ளவில்லை.

அவ்வாறு பதவி நீக்கப்பட்டவர்களில் ஒருவர் பிராங்க் கமெனி. இரண்டாம் உலகப்போரில் ஐரோப்பியக் களத்தில் போரிட்டவர். ஹார்வார்ட் பல்கலைக்கழகத்தில் வானியலில் கலாநிதிப் பட்டம் பெற்றவர். இராணுவ வரைபடச் சேவையில் பணியாற்றிய அவர் 1957 இல் வேலையிலிருந்து அகற்றப்பட்டார். வழக்குத் தொடுத்துத் தோற்றார். 1961 இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் அவரது மனுவை விசாரணைக்கு எடுத்துக்கொள்ள மறுத்தது. அதன் பின்னர் அவர் வானியலுக்குத் திரும்பவில்லை. எஞ்சிய வாழ்நாள் முழுவதையும் இந்தப் போராட்டத்துக்கே கொடுத்தார்.

1965 ஏப்ரலில் வெள்ளை மாளிகையின் முன்பாகப் பத்துப் பேர் பதாகைகளுடன் வட்டமாக நடந்தனர். ஆண்கள் கோட்டும் கழுத்துப்பட்டியும், பெண்கள் கவுணும் அணிந்தே வர வேண்டும் என்பது கமெனி விதித்த நிபந்தனை. வேலை கேட்பவர்கள் வேலைக்குத் தகுதியானவர்களாகத் தோற்றமளிக்க வேண்டும் என்பது அவரது எண்ணம். அதில் கொண்டாட்டம் எதுவும் இருக்கவில்லை.

ஆனால், வேலைக்கான உரிமையை மாத்திரம் கேட்பது போதாது என்பதைக் கமெனி விரைவிலேயே உணர்ந்துகொண்டார். சட்டம் தன்பாலீர்ப்பாளரைக் குற்றவாளி என்றது. அமெரிக்க உளமருத்துவர் சங்கம் 1952 இல் வெளியிட்ட உளநோய்களின் பட்டியல் அவரை நோயாளி என்றது. திருச்சபைகள் பாவி என்றன. இம்மூன்றையும் சிறு வயது முதல் கேட்டு வளர்ந்த ஒருவர் தன்னைப் பற்றித் தானே அவ்வாறு நம்பத் தொடங்கிவிடுகிறார். அவ்வாறு நம்பும் மனிதர் தனது உரிமையைக் கேட்க மாட்டார். கறுப்பின மக்கள் 'கறுப்பு அழகானது' என்று முழங்கியதைப் பார்த்த கமெனி, 1968 இல் தனது மக்களுக்காகவும் 'நல்லது' என்று சொல்லும் ஒரு சுலோகத்தை உருவாக்கினார்.

பத்திரிகைகளின் பங்கு

வெட்கத்தை உற்பத்தி செய்ததில் நான் சார்ந்த தொழிலுக்கும் கணிசமான பங்குண்டு என்பதைச் சொல்லியாக வேண்டும். விடுதிகளிலும் பூங்காக்களிலும் பொலிஸாரால் கைது செய்யப்பட்டவர்களின் பெயர்களையும் முகவரிகளையும் அமெரிக்கப் பத்திரிகைகள் பிரசுரித்தன. நீதிமன்றம் விதித்த அபராதத்தை விடவும் அச்செய்தியே பலரின் வாழ்வை அழித்தது. மதிப்புக்குரிய 'நியூயோர்க் டைம்ஸ்' 1963 டிசெம்பரில், நகரில் தன்பாலீர்ப்பாளர்கள் வெளிப்படையாகத் தென்படுவது கவலைக்குரிய விடயமாகிவிட்டது என்று முதற்பக்கத்தில் நீண்ட செய்தி வெளியிட்டது. அம்மக்கள் தமக்குத் தாமே சூட்டிக்கொண்ட 'கே' என்ற சொல்லைத் தன் செய்திகளில் வழமையாகப் பயன்படுத்த அப்பத்திரிகை 1987 இலேயே இணங்கியது.

1969 ஜூன் 28 அதிகாலை நியூயோர்க்கின் கிறிஸ்ரோபர் வீதியில் இருந்த ஸ்டோன்வோல் விடுதியைப் பொலிஸார் முற்றுகையிட்டனர். அத்தகைய முற்றுகைகள் புதியவை அல்ல. தலையைக் குனிந்துகொண்டு வாகனத்தில் ஏறுவதே அதுவரையான வழக்கம். அன்று கூட்டம் கலைந்து செல்லவில்லை. வீட்டிலிருந்து துரத்தப்பட்ட இளைஞர்களும் திருநங்கையரும் பெருமளவில் பங்கேற்ற அந்த எதிர்ப்பு பல இரவுகள் நீடித்தது. அந்நகரின் பெரும் பத்திரிகை ஒன்று அதனைத் தேனீக் கூட்டுக்கு ஒப்பிட்டுக் கேலித் தலைப்புடன் செய்தி வெளியிட்டது.

ஓராண்டின் பின், 1970 ஜூன் 28 அன்று, அந்நிகழ்வை நினைவுகூர்ந்து கிறீனிச் கிராமத்திலிருந்து சென்ட்ரல் பார்க் வரை ஊர்வலம் நடந்தது. சில நூறு பேருடன் புறப்பட்ட அந்த ஊர்வலம் செல்லும் வழியில் ஆயிரக்கணக்கானோரைச் சேர்த்துக்கொண்டது. அதற்கான ஆயத்தக் குழுவில், 'அதிகாரம்' என்ற சொல்லுக்குப் பதிலாகப் 'பெருமிதம்' என்ற சொல்லை முன்மொழிந்தவர் கிறெய்க் ஸ்கூன்மேக்கர். அதிகாரம் தங்களிடம் இல்லை. கைக்கு எட்டும் தூரத்திலும் இல்லை. ஆனால், வெட்கப்படுவதை நிறுத்துவதற்கு எவருடைய அனுமதியும் தேவையில்லை. வெட்கமே நஞ்சு, பெருமிதமே அதற்கு மாற்று மருந்து என்ற கருத்துப்பட அவர் பல தசாப்தங்களுக்குப் பின்னர் 2015 இல் விளக்கமளித்தார்.

எனவே, 'எங்கள் இயல்பு உங்கள் இயல்பை விட உயர்ந்தது' என்ற பொருளில் அச்சொல் தெரிவு செய்யப்படவில்லை. 'நீங்கள் திணித்த வெட்கத்தை இனிச் சுமக்க மாட்டோம்' என்பதே அதன் பொருள். எதிர்ப்பாலீர்ப்பாளர்கள் ஊர்வலம் போகாததன் காரணமும் இதுவே. அவர்களது நாட்டத்துக்காக அவர்களை எவரும் வேலையிலிருந்து நீக்கியதில்லை, சிறையில் அடைத்ததுமில்லை.

பெருமிதத்துக்கும் பிழைகள் உண்டு. 1973 இல் நியூயோர்க் பெருமிதப் பேரணியின் மேடையில் பேச முயன்ற திருநங்கை சில்வியா ரிவேராவை அதே கூட்டத்தினர் கூச்சலிட்டு அவமதித்தனர். தாம் பட்ட அவமானத்தை மறந்து தம்மிலும் நலிந்தோரை அவமானப்படுத்துவது எல்லா விடுதலை இயக்கங்களையும் பீடித்த நோய். பிற்காலத்தில் பெரு நிறுவனங்களின் விளம்பர வாகனங்கள் ஊர்வலங்களை நிறைத்துக்கொண்டன என்ற விமர்சனமும் நியாயமானதே. இவையெல்லாம் பெருமிதம் தவறாகப் பயன்படுத்தப்பட்டதற்கான சான்றுகளேயன்றி, அது தேவையற்றது என்பதற்கான சான்றுகள் அல்ல.

கொழும்பில் ஒரு தீர்ப்பு

இது அமெரிக்க விவகாரம், நமக்கென்ன என்று எண்ணுபவர்களுக்கு இலங்கையின் சட்டத்தையே காட்ட வேண்டியிருக்கிறது. பிரித்தானியர் 1883 இல் கொண்டுவந்த தண்டனைச் சட்டக் கோவையின் 365 ஆம் பிரிவு 'இயற்கை முறைமைக்கு மாறான' உடலுறவைக் குற்றமாக்கியது. ஆண்களுக்கிடையிலான செயல்களையே குறித்த 365 ஏ பிரிவு, 1995 ஆம் ஆண்டின் திருத்தத்தில் 'ஆண்' என்ற சொல் 'ஆள்' என்று மாற்றப்பட்டதன் மூலம் பெண்களுக்கும் விரிவாக்கப்பட்டது. பிரித்தானியா 1967 இல் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் கைவிடத் தொடங்கிய ஒன்றைச் சுதந்திர இலங்கை 1995 இல் அகலப்படுத்தியது.

1999 ஓகஸ்டில் 'தி ஐலண்ட்' பத்திரிகை ஒரு வாசகர் கடிதத்தைப் பிரசுரித்தது. தன்பாலீர்ப்புப் பெண்களின் மாநாடு ஒன்றில் கலந்துகொள்வோர் மீது, தண்டனை பெற்ற பாலியல் வல்லுறவுக் குற்றவாளிகளை ஏவிவிட வேண்டும் என்பது அக்கடிதத்தின் யோசனை. 'கம்பானியன்ஸ் ஒன் எ ஜேர்னி' என்ற அமைப்பின் ஸ்தாபகர் ஷேர்மன் டி றோஸ் பத்திரிகைப் பேரவையிடம் முறையிட்டார். 2000 ஆம் ஆண்டில் பேரவை அளித்த தீர்ப்பு முறைப்பாட்டை நிராகரித்தது. பெண்களின் தன்பாலீர்ப்பே ஒரு குரூரச் செயல் என்று கூறியதுடன், முறையிட்டவரே பத்திரிகைக்கு 2,100 ரூபா செலுத்த வேண்டும் என்றும் கட்டளையிட்டது. வன்முறைக்குத் தூண்டியவர் வெட்கப்பட வேண்டியிருக்கவில்லை. நீதி கேட்டவருக்கே அபராதம்.

அத்தகைய நாட்டில்தான், 2004 இல் ஸ்தாபிக்கப்பட்ட 'ஈக்குவல் கிரவுண்ட்' அமைப்பு 2005 முதல் கொழும்பில் பெருமித நிகழ்வுகளை நடத்தத் தொடங்கியது. அதன் ஸ்தாபகர் ரொசான்னா பிளேமர் கல்தேரா தொடுத்த முறைப்பாட்டில், பெண்களுக்கெதிரான பாரபட்சங்களை ஒழிப்பதற்கான ஐக்கிய நாடுகள் குழு 2022 இல் இலங்கை அவரது உரிமைகளை மீறியிருப்பதாக முடிவு செய்தது. இப்பிரிவுகளைத் திருத்தும் தனிநபர் சட்டமூலம் அரசியலமைப்புக்கு முரணானதல்ல என்று 2023 மே மாதம் உயர் நீதிமன்றம் தீர்மானித்தது. ஆயினும், அது நிறைவேற்றப்படாமலே 2024 செப்டெம்பரில் பாராளுமன்றம் கலைக்கப்பட்டது.

தமிழில் பெருமிதம்

தமிழிலக்கணம் இவ்விடத்தில் நமக்கு உதவுகிறது. தொல்காப்பியம் கூறும் எட்டு மெய்ப்பாடுகளுள் பெருமிதமும் ஒன்று. அது கல்வி, தறுகண், புகழ், கொடை ஆகிய நான்கினின்றும் பிறக்கும் என்கிறது மெய்ப்பாட்டியல். பிறப்போ குலமோ அப்பட்டியலில் இல்லை. ஆகவே, இயல்பாக அமைந்த ஒன்று தன்னளவில் பெருமைக்குரியதல்ல என்று வாதிடுவோருக்குத் தொல்காப்பியம் துணை நிற்பது போலத் தோன்றும். ஆனால், தறுகண் என்பது அஞ்சாமை. பத்துப் பேராக வெள்ளை மாளிகையின் முன் நடந்ததும், தன் பெயருடன் பத்திரிகைப் பேரவையின் முன் நின்றதும் அஞ்சாமையே. பெருமிதம் நாட்டத்தினால் வருவதல்ல. அதனை மறைத்து வாழுமாறு அச்சுறுத்தப்பட்டபோது அஞ்சாதிருந்ததனால் வருவது.

பின்னர் வெட்கப்பட வேண்டியிருந்தது மறுதரப்பே. உளமருத்துவர் சங்கம் 1973 இல் தன் பட்டியலிலிருந்து தன்பாலீர்ப்பை நீக்கியது. 2009 இல் அமெரிக்க அரசாங்கம் கமெனியிடம் முறைப்படி மன்னிப்புக் கோரியது. அவருக்கு அப்போது 84 வயது. 377 ஆம் பிரிவை மட்டுப்படுத்திய 2018 செப்டெம்பர் 6 ஆம் திகதித் தீர்ப்பில், இம்மக்களிடமும் அவர்களது குடும்பத்தினரிடமும் வரலாறு மன்னிப்புக் கேட்கக் கடமைப்பட்டிருக்கிறது என்று இந்திய உச்ச நீதிமன்ற நீதியரசர் இந்து மல்ஹோத்ரா எழுதினார். 2019 இல் ஸ்டோன்வோல் முற்றுகைக்காக நியூயோர்க் பொலிஸ் ஆணையாளர் மன்னிப்புக் கேட்டார். எனினும், வென்றது நிலைத்துவிடும் என்று எண்ணிவிடக் கூடாது. 2025 பெப்ரவரியில் ஸ்டோன்வோல் தேசிய நினைவிடத்தின் அரசாங்க இணையப் பக்கத்திலிருந்து திருநர் பற்றிய குறிப்புகள் அகற்றப்பட்டன.

சட்டம் மாறினாலும் வீட்டுக்குள் இருக்கும் வெட்கம் அவ்வளவு எளிதில் மாறுவதில்லை. கனடா 2005 இலும், இங்கிலாந்தும் வேல்ஸும் 2014 இலும் தன்பாலினத் திருமணங்களை நடைமுறைப்படுத்தின. எனினும் ரொறன்ரோவிலும் லண்டனிலும் வாழும் தமிழ்க் குடும்பங்களில், 'ஊர் என்ன சொல்லும்' என்ற ஒரே கேள்விக்கு அஞ்சி வாய் திறக்காத பிள்ளைகள் இருக்கவே செய்கிறார்கள். ஊர் கடல் கடந்தும் கூடவே வந்துவிடுகிறது.

பாலியல் நாட்டத்துக்காக ஒருவர் பெருமைப்பட வேண்டுமா என்ற கேள்விக்கு என் பதில் இதுதான். வெட்கப்படுமாறு எவரும் வற்புறுத்தப்படாத சமூகத்தில் அதற்கான தேவை இராது. நாட்டம் என்பது இடக்கைப் பழக்கத்தைப் போல் ஒரு சாதாரண விடயமாகிவிடும். அத்தகைய சமூகத்தை உருவாக்கும் பொறுப்பு ஊர்வலம் போகின்றவர்களுடையது மாத்திரமல்ல. 'இதில் பெருமைப்பட என்ன இருக்கிறது' என்று கேட்கும் பெற்றோர், தமது பிள்ளை இதனைத் தம்மிடம் அச்சமின்றிச் சொல்லக்கூடியதாகத் தமது வீடு இருக்கிறதா என்பதையும் கேட்டுக்கொள்ள வேண்டும்.