கரும்புக் காட்டில் ஒரு ஜீப்: ஹவில்தார் அப்துல் ஹமீது



பரம்வீர் சக்ரா விருது பெற்ற அப்துல் ஹமீது அவர்களின் பெயரை நம்மில் பலர் கேள்விப்பட்டிருப்போம். 1988இல் வந்த தொலைக்காட்சித் தொடரில் நஸீருத்தீன் ஷா அவராக நடித்ததைக் கண்டவர்களும் இருக்கக்கூடும். ஆயினும் அவர் செய்தது என்ன என்று கேட்டால், ‘பாட்டன் டாங்கிகளை உடைத்தவர்’ என்பதோடு நாம் நிறுத்திக்கொள்கிறோம். எவ்வாறு உடைத்தார் என்பதில்தான் அவருடைய வீரம் அடங்கியிருக்கிறது.

உத்தரப் பிரதேசம் காஜிப்பூர் மாவட்டத்தில் தாமுப்பூர் என்னும் சிற்றூர். அங்கே ஒரு தையற்காரரின் மகனாக 1933 ஜூலை முதல் நாள் பிறந்தார் ஹமீது. தந்தைக்குத் துணையாக ஊசியும் நூலுமாக இருந்தவர், 1954 டிசம்பரில் கிரனேடியர்ஸ் காலாட்படையில் சேர்ந்தார். 1962 சீனப் போரையும் கண்டார். 1965இல் அவர் வகித்த பதவி கம்பெனி குவார்ட்டர் மாஸ்டர் ஹவில்தார். அதாவது, வீரர்களுக்கு உணவும் உடையும் தளவாடமும் வழங்கும் பொறுப்பு. எனினும் டாங்கி எதிர்ப்புப் பீரங்கியில் அவர் கைதேர்ந்தவர். எனவே போர் மூண்டபோது அந்தப் பிரிவு அவரிடமே ஒப்படைக்கப்பட்டது.

அந்த ஆண்டு செப்டம்பரில், பஞ்சாபின் கேம்கரன் பகுதியில் பாகிஸ்தானின் கவசப் படை நுழைந்தது. ஒவ்வொரு பாட்டன் டாங்கியும் நாற்பது டன்னுக்கு மேற்பட்ட எடை. அதனை எதிர்க்க ஹமீதிடம் இருந்ததோ, திறந்த ஜீப்பில் பொருத்திய 106 மில்லிமீட்டர் பீரங்கி. சுடும்போது பின்னுதைப்பு இல்லாத வகை அது. அதற்கு மாறாக, வெடிப்பின் தீயும் புகையும் பின்புறமாகப் பீறிட்டுக் கிளம்பும், புழுதி எழும்பும். ஒரு முறை சுட்டாலே, இருக்கும் இடம் எதிரிக்குத் தெரிந்துவிடும். உடனே ஜீப்பை நகர்த்தியாக வேண்டும். கவசம் ஏதும் கிடையாது.

அந்த நிலம் நமக்குப் புதிதன்று. கரும்பும் பருத்தியும் விளையும் பூமி அது. நம் ஸ்ரீவில்லிபுத்தூர் வட்டாரத்தில் ஆளுயரத்திற்கு மேல் வளர்ந்த கரும்பைக் கண்டவர்களுக்கு, அதனுள் ஒரு ஜீப் மறைந்து நிற்பதை எண்ணிப் பார்ப்பது அரிதாகாது. வயல்களில் நம் படையினர் நீரைத் திறந்துவிட்டிருந்ததால், பல டாங்கிகள் சேற்றில் சிக்கித் திணறின.

செப்டம்பர் 10 காலை, சீமா கிராமத்தருகே கடும் குண்டுவீச்சுக்குப் பின் டாங்கிகள் முன்னணிக் கம்பெனிகளின் நிலைகளுக்குள் ஊடுருவின. ஹமீது தம் ஜீப்பைப் பக்கவாட்டிற்குக் கொண்டு சென்றார். முன்னால் வந்த டாங்கியை வீழ்த்தினார்; இடம் மாறினார்; அடுத்ததைத் தீக்கிரையாக்கினார். அதற்குள் எதிரிகள் அவரைக் கண்டுகொண்டனர். இயந்திரத் துப்பாக்கிகள் அனைத்தும் அந்த ஜீப்பை நோக்கித் திரும்பின. அவர் பின்வாங்கவில்லை. மற்றொரு டாங்கியைச் சுட்டுக்கொண்டிருந்தபோது குண்டு பாய்ந்து வீழ்ந்தார். அப்போது அவருக்கு வயது 32.

விருதுச் சான்றுரை கூறுவது இவ்வளவே. அவர் அழித்த டாங்கிகள் ஏழு என்றும் எட்டு என்றும் முந்தைய நாட்களையும் சேர்த்துப் பிற்காலத்தவர் எழுதுகின்றனர். எண்ணிக்கையைக் கூட்டுவதால் அவர் பெருமை கூடிவிடப் போவதில்லை என்பதே நம் கருத்து. முதல் குண்டைச் சுட்டவுடனேயே தம் இருப்பிடம் வெளிப்பட்டுவிடும் என்று நன்கறிந்தவர், மீண்டும் மீண்டும் சுட்டார். அது போதாதா?

ஒரு வாரத்திற்குள், செப்டம்பர் 16 அன்று, நாட்டின் மிக உயர்ந்த போர்க்கால வீர விருது அவருக்கு அறிவிக்கப்பட்டது. 1966 குடியரசு தினத்தன்று, நம் திருத்தணியில் பிறந்த குடியரசுத் தலைவர் டாக்டர் இராதாகிருஷ்ணன் அவர்களிடமிருந்து ஹமீதின் துணைவியார் ரசூலன் பீவி அதனைப் பெற்றுக்கொண்டார். 2000ஆம் ஆண்டில் மூன்று ரூபாய் அஞ்சல் தலையும் வெளியிடப்பட்டது.

அதன்பின் அரை நூற்றாண்டுக்கு மேலாக அந்த அம்மையார் வாழ்ந்தார். 2017 செப்டம்பர் 10 அன்று இராணுவத் தலைமைத் தளபதி பிபின் ராவத் அவர்களே காஜிப்பூருக்கு வந்து நினைவு நிகழ்ச்சியில் பங்கேற்றபோது, முதுமையிலும் அவர் அங்கே அமர்ந்திருந்தார். 2019 ஆகஸ்டில் காலமானார். ஹமீதின் அடக்கத்தலமோ சொந்த ஊரில் இல்லை; அவர் போரிட்ட அசல் உத்தர் மண்ணிலேயே இருக்கிறது.