பெரிய மோட்டாருக்குப் பின் டயர்: அகலத்தை விட மழையை யோசித்து வாங்குங்கள்

மாலை ஆறு மணிக்குப் பினாங்குப் பாலத்தின் மோட்டார் தடத்தில் மழை பிடித்துக்கொண்டால் ஒதுங்க இடம் தேடுவது சுலபமல்ல. மொத்த நீளம் 13.5 கிலோமீட்டர், அதில் 8.4 கிலோமீட்டர் கடலுக்கு மேல். பாயான் லெப்பாஸ் தொழிற்பேட்டையில் வேலை முடிந்து பிறை, புக்கிட் மெர்தாஜம், நிபோங் திபால் பக்கம் வீடு திரும்பும் நம் பிள்ளைகள் பலருக்கு இது தினசரிப் பாதை. 2019 ஜனவரி 1 முதல் மோட்டார் சைக்கிளுக்கு டோல் கிடையாது என்பதால் கூட்டம் இன்னும் அதிகம்.

ஒரு காலத்தில் அந்தத் தடத்தில் கப்சாய்தான் ஓடும். இப்போது நிஞ்ஜா 650, எம்டி-07, இசட்900 போன்ற பெரிய மோட்டார்களையும் அடிக்கடி பார்க்கலாம். சம்பாதிக்கும் வயதில் ஆசைப்பட்டதை வாங்குவதில் தவறில்லை. ஆனால் வண்டிக்கு முப்பதாயிரம், நாற்பதாயிரம் வெள்ளி போட்டவர்கள், பின் டயர் தேய்ந்ததும் எங்கேயாவது மலிவாகக் கிடைக்குமா என்று தேடுவதைத்தான் புரிந்துகொள்ள முடியவில்லை. நம் நாட்டில் சாலை விபத்துகளில் உயிரிழப்பவர்களில் 60 விழுக்காட்டுக்கும் மேற்பட்டோர் மோட்டார் சைக்கிளில் போனவர்கள். டயர் மட்டுமே அதற்குக் காரணமல்ல. இருந்தாலும் நம் கையில் இருக்கும் விஷயம் அது.

ஒய்15 போன்ற 150 சிசி மோட்டாரின் சக்தி ஏறக்குறைய 15 குதிரைசக்தி. இசட்900-இல் அது 120-ஐத் தாண்டும். அந்தச் சக்தி முழுவதும் சாலையைத் தொடுவது பின் டயரின் ஓர் உள்ளங்கை அளவு இடத்தில்தான். திருகலை முறுக்கும்போது வண்டியின் எடையும் பின்னால் சாய்ந்து அதே இடத்தில் அழுத்துகிறது. அதனால்தான் பெரிய மோட்டாரில் பின் டயர் முன் டயரை விட வேகமாகத் தேய்கிறது. சிறிய மோட்டாரில் செய்யும் சின்னத் தவற்றை டயர் மன்னித்துவிடும். 120 குதிரைசக்தியில், ஈரச் சாலையில், அது மன்னிக்காது.

டயரின் பக்கவாட்டில் எழுதியிருப்பதை முதலில் படித்துப் பழக வேண்டும். எம்டி-07, இசட்900 இரண்டிலும் பின் டயர் 180/55 இசட்ஆர்17. இதில் 180 என்பது மில்லிமீட்டரில் அகலம். 55 என்பது உயரம், அதாவது அகலத்தில் 55 விழுக்காடு; கணக்குப் போட்டால் 99 மில்லிமீட்டர். இசட் எழுத்து 240 கிலோமீட்டருக்கு மேற்பட்ட வேகத்தைத் தாங்கும் டயர் என்பதற்கு, ஆர் எழுத்து ரேடியல் என்பதற்கு, 17 ரிம்மின் விட்டம் அங்குலத்தில். அடுத்து 73டபிள்யூ என்று இருந்தால், 73 என்பது 365 கிலோ வரை சுமை தாங்கும் என்பதற்கான குறியீடு. டபிள்யூ 270 கிலோமீட்டர் வேகத்திற்கானது. அவ்வளவு வேகத்தில் நீங்கள் போகப்போவதில்லை, போகவும் கூடாது. ஆனாலும் வண்டி தயாரிப்பாளர் சொன்ன சுமைக் குறியீட்டுக்கும் வேகக் குறியீட்டுக்கும் கீழே இறங்கி டயர் வாங்கக் கூடாது. பின்னால் ஆளை ஏற்றி, பையும் கட்டி ஈப்போ வரை போகும்போது அந்தச் சுமைக் குறியீடுதான் உங்களைக் காக்கிறது.

நம் இளைஞர்கள் அதிகம் ஏமாறும் இடம் அகலம். 250 சிசி ஆர்25-க்கு தொழிற்சாலையில் 140/70-17 டயர் போட்டு அனுப்புகிறார்கள். வாங்கிய ஆறு மாதத்தில் 160 போட்டுப் பின்புறத்தைப் பெருக்கிக் காட்டுவது இங்கே ஒரு பழக்கமாகவே ஆகிவிட்டது. 160/60 டயருக்கு ஏற்ற ரிம் அகலம் 4.5 அல்லது 5 அங்குலம். அதை 4 அங்குல ரிம்மில் திணித்தால் இரு ஓரங்களும் உள்ளே இழுபட்டு, நடுப்பகுதி கூர்மையாகப் புடைக்கும். வெளியே அகலமாகத் தெரியும்; சாலையைத் தொடும் இடமோ குறுகிப்போயிருக்கும். வளைவில் வண்டி முதலில் சாய மறுத்து, பிறகு திடீரென்று விழுவது போல் சாய்வதற்கு இதுதான் காரணம். பெரிய மோட்டாரிலும் இதே கதைதான். 5.5 அங்குல ரிம்முக்கு இயல்பானது 180. அதில் 190 போட்டாலும் ஏறும், ஆனால் அந்த டயர் தன் முழு வடிவத்தைப் பெறுவது 6 அங்குல ரிம்மில்தான். 190/50 போட்டால் உயரம் 95 மில்லிமீட்டர், பழையதை விட 4 மில்லிமீட்டர் குறைவு. 190/55 போட்டால் 104.5, அதாவது ஐந்தரை மில்லிமீட்டர் அதிகம். இந்தச் சிறிய வித்தியாசமே வண்டியின் பின்புற உயரத்தையும் திரும்பும் விதத்தையும் மாற்றிவிடும். ஏபிஎஸ்ஸும் டிராக்ஷன் கட்டுப்பாடும் முன் பின் சக்கரங்களின் சுழற்சியை ஒப்பிட்டுத்தான் வேலை செய்கின்றன. டயர் அளவை மாற்றினால் அந்தக் கணக்கும் பிசகும்.

இன்னொன்று, தேங்கிய நீரில் அகலமான டயர் மிதக்கும் வாய்ப்பு அதிகம். தெருவில் யாரும் இதைச் சொல்லி விற்பதில்லை.

சரி, எந்த வகை டயர்? கடைகளில் பெரிய மோட்டாருக்கு விற்பவை பொதுவாக மூன்று வகை. ஒன்று, பந்தயத் தடத்திற்கு நெருக்கமானது. பைரெலி சூப்பர்கோர்சா இந்த வகை. பள்ளக்கோடுகள் மிகக் குறைவு, ரப்பர் மென்மை. நன்றாகச் சூடேறினால்தான் முழுப் பிடிப்புத் தரும். மழையில் அந்தச் சூடு நிற்காது, நீரை வெளியே தள்ளப் போதுமான பள்ளமும் இல்லை. செப்பாங் பந்தயத்தில் மழை வந்தால் ஓட்டுநர்கள் உள்ளே வந்து மழை டயர் போட்ட வேறு மோட்டாரில் ஏறிக்கொள்வதைத் தொலைக்காட்சியில் பார்த்திருப்பீர்கள். பாலத்தில் நமக்கு அந்த வசதி இல்லை.

இரண்டாவது, சாலைக்கான ஸ்போர்ட் டயர்: பைரெலி டியாப்லோ ரோஸ்ஸோ, பிரிட்ஜ்ஸ்டோன் எஸ்22 போன்றவை. பிடிப்பு அருமை, வார இறுதியில் தெலுக் பாஹாங் வழியாக பாலிக் பூலாவ் மலைப்பாதையில் போவோருக்குப் பிடிக்கும். ஆனால் சீக்கிரம் தேயும். மூன்றாவது ஸ்போர்ட் டூரிங்: மிஷெலின் ரோட் 6, பிரிட்ஜ்ஸ்டோன் டி32, பைரெலி ஏஞ்சல் ஜிடி 2, மெட்ஸெலர் ரோட்டெக் 01. பெரும்பாலும் நடுப்பகுதியில் கடினமான ரப்பர், ஓரங்களில் மென்மையான ரப்பர் என்று இரண்டு விதமாகச் செய்கிறார்கள். பள்ளக்கோடுகள் ஆழமாகவும் நிறையவும் இருக்கும். ரப்பரில் சேர்க்கும் சிலிக்கா ஈரச் சாலையில் பிடிப்பைக் கூட்டுகிறது.

தினமும் பாலத்தில் நேராகப் போய் நேராகத் திரும்புபவருக்கு இந்த மூன்றாவது வகையைத்தான் நான் சொல்வேன். நேர்ச்சாலையில் தேய்வது டயரின் நடுப்பகுதி மட்டுமே. மென்மையான டயரில் நடுப்பகுதி சில மாதங்களிலேயே தட்டையாகி, ஓரத்தில் ரப்பர் அப்படியே இருக்கும். அந்த நிலையில் துன் சார்டோன் சாலை வளைவில் சாயும்போது, தட்டைப் பகுதியின் விளிம்பில் வண்டி ஒரு கணம் தடுமாறுவதை நீங்களே உணரலாம். "பூ இன்னும் இருக்கே" என்று ஓரத்தைக் காட்டிச் சொல்பவர்களை நம்பாதீர்கள். நடுப்பள்ளத்திற்குள் டி.டபிள்யூ.ஐ என்ற அடையாளத்திற்கு நேரே சிறிய மேடு இருக்கும். ரப்பர் அந்த மேட்டின் மட்டத்திற்குத் தேய்ந்துவிட்டால் அது மொட்டை டயர், மறுபேச்சு கிடையாது.

இங்கே ஒரு சின்ன விலகல், பொறுத்துக்கொள்ளுங்கள். இந்த நாட்டு ரப்பர் டயரானதற்குப் பின்னால் நம் தாத்தா பாட்டிகள் விடியற்காலையில் வெட்டிய பால்மரங்கள் இருக்கின்றன. 1877-இல் கோலகங்சாரில் நட்ட சில கன்றுகளில் தொடங்கிய கதை அது. மோட்டார் டயரின் மேல்பரப்பில் இப்போது செயற்கை ரப்பரின் பங்கு அதிகம். ஆனாலும் டயர் செய்வதற்கு இன்றும் இயற்கை ரப்பர் தேவைப்படுகிறது. பாலைப் பற்றித் தெரிந்த குடும்பங்களில் பிறந்தவர்கள் நாம். ரப்பர் பழசானால் இறுகி வெடிக்கும் என்று யாரும் நமக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை.

அதனால் செகண்ட் ஹேண்ட் டயர் வேண்டவே வேண்டாம். பெரிய மோட்டாருக்கு நல்ல ஜோடி டயர் ஆயிரம் வெள்ளியைத் தாண்டும்போது, பாதி விலைக்குக் குறைவாகக் கிடைக்கும் பழைய டயர் ஆசை காட்டும். தடத்தில் பலமுறை சூடேறி ஆறியதா, விழுந்த வண்டியிலிருந்து கழற்றியதா, உள்ளே ஆணித் துளையை அடைத்திருக்கிறார்களா என்று வெளியே பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. புது டயர் வாங்கும்போதும் பக்கவாட்டில் டிஓடி எழுத்துகளுக்குப் பின் வரும் கடைசி நான்கு இலக்கங்களைப் பாருங்கள். 2324 என்றால் 2024-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரம் செய்தது. நம் ஊர் வெக்கையில் பல வருடம் கடையில் கிடந்த டயரைப் புதியது என்று சொல்லிக் கொடுத்தால், வேறு கொண்டுவரச் சொல்லுங்கள். கேட்பதில் வெட்கம் எதற்கு?

மாட்டும்போது டயரில் இருக்கும் அம்புக்குறி சக்கரம் சுழலும் திசையைக் காட்ட வேண்டும். வால்வையும் சேர்த்து மாற்றச் சொல்லுங்கள், பேலன்ஸ் பார்க்காமல் வண்டியை எடுக்காதீர்கள். முன்னே ரேடியல், பின்னே சாதாரண டயர் என்று கலக்கவும் கூடாது. காற்றழுத்தம் பல 180 டயர் மோட்டார்களுக்கு முன்னே 36, பின்னே 42 பிஎஸ்ஐ. உங்கள் வண்டிக்கு எவ்வளவு என்பதை செயின் அருகே ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரிலோ கையேட்டிலோ பாருங்கள். டயர் குளிர்ந்திருக்கும் காலையில் அளக்க வேண்டும், பெட்ரோல் நிலையத்திற்குப் பத்து கிலோமீட்டர் ஓட்டிப் போய் அல்ல. மழையில் பிடிப்பு வரும் என்று காற்றைக் குறைப்பவர்கள் இருக்கிறார்கள். காற்று குறைந்தால் பள்ளங்கள் நெருங்கி மூடிக்கொள்ளும், நீர் வெளியேறாது.

பக்கவாட்டில் ஆணி ஏறினால் டயரைத் தூக்கிப் போட வேண்டியதுதான். நடுவில் ஏறினால் அடைக்கலாம். ஆனால் 120 குதிரைசக்தி மோட்டாரில் அந்த அடைப்பை வீடு வந்து சேரும் வரைக்கான ஏற்பாடாக மட்டும் வைத்துக்கொள்வது நல்லது.

புது டயரின் மேல்பரப்பு வழவழப்பாக இருக்கும். முதல் 150 கிலோமீட்டர் திடீர் பிரேக், திடீர் முறுக்கல், அதிகச் சாய்வு எதுவும் வேண்டாம். டயர் மாட்டிய அன்றே வானம் கறுத்தால் பாலத்தில் ஏற வேண்டாம். ஃபெரியில் மோட்டாரை ஏற்றிக்கொண்டு பட்டர்வொர்த் போய் இறங்குங்கள்.