பிச்சாவரம்: செடிக்கு முன்னாடி தண்ணி

இன்னைக்கு எபிசோடை ஒரு வாக்குமூலத்தோட ஆரம்பிக்கிறேன். நான் நட்ட நாற்பது செடியும் செத்துப்போச்சு.

இன்ஜினியரிங் மூணாவது வருஷம். கடலூர் பக்கம் ஒரு உப்பங்கழி ஓரம், அலையாத்திச் செடி நடுற தன்னார்வலர் நிகழ்ச்சி. ரெண்டு பஸ் நிறைய மாணவர்கள். எல்லாருக்கும் பச்சை டி-ஷர்ட், மதியம் லெமன் சாதம், சாயங்காலம் சர்ட்டிபிகேட். முழங்கால் வரைக்கும் சேத்துல இறங்கி நட்டோம். அந்தப் போட்டோ ரொம்ப நாள் என் புரொஃபைல்ல இருந்தது. இந்த மண்ணுக்கு நாமளும் ஏதோ செஞ்சிருக்கோம்னு ஒரு பெருமை.

அடுத்த வருஷம் ஒரு நண்பனைக் கூட்டிக்கிட்டு பைக்குல போனேன், என் செடியைக் காட்டலாம்னு. அங்க செடிக்குப் பக்கத்துல ஊன்றின மூங்கில் குச்சிங்கதான் வரிசையா நின்னுச்சு. தரை வெள்ளையா உப்பு பூத்துக் கிடந்தது. நண்டு பிடிக்க வந்த ஒரு பெரியவர் எங்களைப் பார்த்துட்டுச் சொன்னார்: “தம்பி, இந்த எடத்துல தண்ணி ஏறும், எறங்காது. எதை நட்டாலும் நிக்காது.”

அவர் சொன்னதோட அர்த்தம் எனக்குப் புரிய அஞ்சாறு வருஷம் ஆச்சு. அங்கிருந்து கொஞ்ச தூரத்துல இருக்கிற பிச்சாவரத்தோட வரலாற்றைப் படிச்சப்போதான் புரிஞ்சுது. அந்தக் கதைதான் இன்னைக்கு.

காடும் ஊர்ப் பெயரும்

சிதம்பரத்திலிருந்து கிழக்கே கிள்ளை வழியா போனா பிச்சாவரம். வடக்கே வெள்ளாறு, தெற்கே கொள்ளிடம். ரெண்டு ஆறும் கடல்ல சேர்ற இடங்களுக்கு நடுவுல, ஏறக்குறைய 1,100 ஹெக்டேர் பரப்புல சின்னச் சின்ன தீவுகளும் ஓடைகளுமா இந்தக் காடு இருக்கு. படகுல போனவங்களுக்குத் தெரியும், ரெண்டு பக்கமும் சுரபுன்னை மரத்தோட வேர்கள் கால் ஊன்றின மாதிரி தண்ணிக்குள்ள இறங்கியிருக்கும். எம்.ஜி.ஆர். நடிச்சு 1975-ல் வந்த ‘இதயக்கனி’யில் நீங்க பார்க்கிற காடும் இதுதான்.

இன்னொரு மரத்தையும் சொல்லணும்: தில்லை. சிதம்பரத்தோட பழைய பேரே தில்லைதான், நடராஜர் கோயிலோட தல விருட்சமும் அதுதான். தில்லை ஒரு அலையாத்தி வகை மரம். அதோட பால் கண்ணுல பட்டா பார்வைக்கே ஆபத்து. அந்த மரம் இன்னைக்கும் பிச்சாவரத்துல நிக்குது. கோயில் நகரத்துக்குப் பேர் கொடுத்த மரத்தைப் பார்க்கணும்னா இந்தச் சதுப்பு நிலத்துக்குத்தான் வரணும்.

சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தோட கடல் உயிரியல் மையம் பரங்கிப்பேட்டையில் இருக்கு. அங்க வேலை பார்த்த பேராசிரியர் கதிரேசன் இந்தக் காட்டில் கண்ட ஒரு கலப்பின சுரபுன்னைக்கு ரைசோபோரா அண்ணாமலயானா என்று பெயர். ஊருக்கு மரம் பேர் கொடுத்துச்சு, ஊரில் இருக்கிற பல்கலைக்கழகம் மரத்துக்குப் பேர் கொடுத்துச்சு.

யார் காட்டை அழிச்சது?

1980-களில் இந்தக் காட்டோட நிலைமை மோசம். ஓடைக் கரையோரம் மட்டும் பச்சை, உள்ளே போனா மொட்டைத் தரை. படகுல போறவங்களுக்கு அடர்ந்த காடு மாதிரித்தான் தெரியும். மேலிருந்து பார்த்தாத்தான் நடுவுல ஓட்டை ஓட்டையா இருக்கிறது தெரியும்.

இதுக்கு யார் காரணம்? ரொம்ப நாள் இருந்த பதில்: சுத்தியிருக்கிற கிராமத்து ஜனங்க. விறகு வெட்டுறாங்க, மாடு மேய்க்கிறாங்க, அதனால காடு அழியுது. இந்தப் பதிலை நம்பினா தீர்வும் சுலபம்தான். ஜனங்களை உள்ளே விடாதே, காலியான இடத்துல செடி நடு.

எம்.எஸ். சுவாமிநாதன் சென்னையில் 1988-ல் தொடங்கின ஆராய்ச்சி நிறுவனம், 1990-களில் இங்க வந்து அந்தப் பதிலையே கேள்வி கேட்டுச்சு. விஞ்ஞானி வி. செல்வம் உள்ளிட்ட குழு பழைய நிர்வாக முறை, மண், நீர் மூணையும் சேர்த்துப் பார்த்தாங்க. கிராமத்துக்காரங்க விறகு எடுத்ததும் மாடு மேய்ச்சதும் உண்மைதான். ஆனா பெரிய சேதத்துக்குக் காரணம் அது இல்ல. பிரிட்டிஷ் காலத்துல ஆரம்பிச்சு 1970-கள் வரைக்கும் அரசே இந்தக் காட்டை நிர்வகிச்ச முறைதான் காரணம்.

அந்த முறைக்கு ‘கூப்பு’ன்னு பேர். காட்டைப் பகுதி பகுதியா பிரிச்சு, முறை வச்சு ஒவ்வொரு பகுதியா மொத்தமா வெட்டிடணும். எல்லாப் பகுதியும் முடிஞ்சு முதல் பகுதிக்குத் திரும்பி வரும்போது அது மறுபடி வளர்ந்திருக்கும்னு கணக்கு. மலைக்காட்டில் இது ஓரளவு நடக்கலாம். சேத்துக் காட்டில் நடக்கல.

ஏன் நடக்கலன்னு ஸ்டெப் பை ஸ்டெப்பா பார்ப்போம். மரத்தை வெட்டினதும் நிழல் போச்சு. நேரா வெயில் பட்டதும் மண்ணுல இருந்த ஈரம் ஆவியாச்சு. ஊறின பஞ்சு மாதிரி இருந்த சேறு காய்ஞ்சு அமுங்குச்சு. மரம் நிக்கிற கரையோரம் மேடாவே இருக்க, வெட்டின நடுப்பகுதி தாழ்ந்து ஒரு தாம்பாளம் மாதிரி ஆயிடுச்சு. இந்தக் கடற்கரையில் ஓதத்தோட ஏற்ற இறக்கம் ஒரு மீட்டருக்கும் குறைவு. பெரிய ஓதம் வரும்போது தண்ணி கரையைத் தாண்டி உள்ளே போகும். வத்தும்போது வெளியே வர வழி இருக்காது. உள்ளேயே தேங்கி வெயில்ல வத்தும். தண்ணி போயிடும், உப்பு தங்கிடும். அடுத்த ஓதத்துல இன்னும் கொஞ்சம் உப்பு சேரும்.

சாதாரண கடல் தண்ணியில லிட்டருக்குச் சுமார் 35 கிராம் உப்பு இருக்கும். அலையாத்தி அதைத் தாங்கும். வெண்கண்டல் மரம் இலை வழியா உப்பை வெளியே தள்ளும், இலையைத் தொட்டு நாக்குல வச்சாலே தெரியும். ஆனா அதுக்கும் ஒரு எல்லை இருக்கு. வருஷக்கணக்கா உப்பு ஏறின மண்ணுல விதை விழுந்தாலும் பிடிக்காது. கொள்ளிடத்துல வர்ற நன்னீர் குறைஞ்சுபோனது இதை இன்னும் மோசமாக்குச்சு.

தண்ணி ஏறும், எறங்காது. நண்டு பிடிக்க வந்த பெரியவர் ஒரே வரியில சொன்னது இதைத்தான்.

மீன்முள் கால்வாய்

காரணம் தெரிஞ்சதும் தீர்வு வேற மாதிரி ஆச்சு. செடிக்கு முன்னாடி தண்ணிக்கு வழி.

இயற்கையான ஓடையிலிருந்து அந்தத் தாம்பாளத்துக்குள்ள ஒரு முக்கியக் கால்வாய் வெட்டுவாங்க. அதோட ரெண்டு பக்கமும் சாய்வா கிளைக் கால்வாய்கள். மேலிருந்து பார்த்தா மீன் முள்ளு மாதிரியே இருக்கும். ஓதம் ஏறும்போது புதுத்தண்ணி எல்லா மூலைக்கும் போகும், வத்தும்போது தேங்கின உப்புத்தண்ணியை இழுத்துக்கிட்டு வெளியே வரும். தினமும் நடக்கிற இந்தப் போக்குவரத்துல மண்ணோட உப்பு கொஞ்சம் கொஞ்சமா இறங்கும். அதுக்கப்புறம்தான் செடி. அதையும் மேட்டுல நடாம, கால்வாய்ச் சரிவுல ஓதத் தண்ணி வந்து தொட்டுட்டுப் போற மட்டத்துல நட்டாங்க.

நான் சாஃப்ட்வேர் ஆளு. பழைய கோடுல ஒரு தப்பு இருக்கும்போது அதுக்கு மேலயே புதுசு புதுசா எழுதி ஒட்டுற வேலையை நானே செஞ்சிருக்கேன். மறுநாள் காலையில அதே இடத்துல மறுபடி உடையும். வெறும் தரையில செடி நடுறது அந்த மாதிரி வேலை.

வனத்துறையும் ஆராய்ச்சி நிறுவனமும் முதல்ல சின்னப் பரப்புல சோதிச்சுப் பார்த்தாங்க. வேலை செஞ்சுது. 1990-களோட பிற்பாதியில கிராமங்களைச் சேர்த்துக்கிட்டு ‘கூட்டு அலையாத்தி மேலாண்மை’ன்னு ஒரு முறை வந்துச்சு. கிராமத்துல ஒரு குழு இருக்கும். எங்க வெட்டணும், எதை நடணும், யார் பார்த்துக்கணும்னு அந்தக் குழுவும் வனத்துறையும் உட்கார்ந்து பேசி முடிவெடுக்கணும். காட்டை அழிச்சவங்கன்னு பேர் வாங்கின அதே ஜனங்கதான் கால்வாய் வெட்டினாங்க.

வெட்டினதோட வேலை முடியல. கால்வாய்ல வண்டல் சேரும், தூர் வாரணும். இல்லன்னா ரெண்டு மூணு வருஷத்துல மறுபடி தாம்பாளம்தான். அதையும் அவங்கதான் செஞ்சாங்க.

பலன்? 1986, 2002 ரெண்டு வருஷத்து செயற்கைக்கோள் படங்களை ஒப்பிட்டு செல்வம் குழு 2003-ல் ஒரு கட்டுரை எழுதினாங்க. அந்தப் பதினாறு வருஷத்துல பிச்சாவரத்தோட அலையாத்திப் பரப்பு சுமார் 90 சதவீதம் கூடியிருந்தது.

அந்த ஞாயிற்றுக்கிழமை

2004 டிசம்பர் 26. நான் சின்னப் பையன். கடலூர்ல வளர்ந்த யாருக்கும் அந்த ஞாயிற்றுக்கிழமையைப் பத்தி நான் சொல்லத் தேவையில்லை. மாவட்டத்துல 600 பேருக்கு மேல போயிட்டாங்க.

பிச்சாவரம் பகுதியில காட்டுக்குப் பின்னாடி இருந்த எம்.ஜி.ஆர். நகர் மாதிரியான இருளர் குடியிருப்புகள்ல சேதம் குறைவு. கடலைப் பார்த்த மணல் திட்டுல இருந்த எம்.ஜி.ஆர். திட்டுல ஏராளமான உயிர்கள் போச்சு. பேர் ஒரே மாதிரி இருந்தாலும் ரெண்டும் வேற வேற ஊர். 2005-ல் ‘சயின்ஸ்’ இதழில் கடலூர் மாவட்டக் கரையைப் பத்தி ஒரு ஆய்வு வந்தது: அடர்ந்த மரங்களுக்குப் பின்னாடி இருந்த ஊர்கள் தப்பிச்சிருக்கு. கதிரேசனும் ராஜேந்திரனும் பரங்கிப்பேட்டை கரையோரம் 18 குடியிருப்புகளை ஆராய்ஞ்சு அதே மாதிரி முடிவுக்கு வந்தாங்க.

இங்கேயே நிறுத்தினா நல்ல கிளைமாக்ஸ். ஆனா நிறுத்த முடியாது. அடுத்த வருஷமே கெர், பேர்ட், கேம்ப்பெல்னு மூணு ஆய்வாளர்கள் அந்த 18 ஊர்த் தரவையே மறுபடி கணக்குப் போட்டாங்க. காட்டுக்குப் பின்னாடி இருக்கிற ஊர், பெரும்பாலும் கடலிலிருந்து தள்ளியும் மேட்டிலயும் இருக்கிற ஊர். அந்தத் தூரமும் உயரமுமே பெரும்பாலான வித்தியாசத்தை விளக்கிடுதுன்னாங்க. எம்.ஜி.ஆர். திட்டுக்கும் எம்.ஜி.ஆர். நகருக்கும் நடுவுல இருந்தது காடு மட்டும் இல்ல, தூரமும்தான்.

நான் இதை ஏன் சொல்றேன்னா, சுனாமிக்கு அப்புறம் ‘அலையாத்தி நட்டா உயிர் பிழைக்கலாம்’ங்கிற வாசகம் மட்டும் பரவிச்சு. மரம் அலையோட வேகத்தைக் குறைக்கும்ங்கிறது சரிதான். ஆனா நட்டாலே போதும்னு நினைச்சதோட விலையை இலங்கையில பார்க்கலாம். சுனாமிக்குப் பிறகு அங்க 1,000 ஹெக்டேருக்கு மேல நட்டாங்க. 23 இடங்களைப் போய்ப் பார்த்து 2017-ல் வெளியான ஆய்வு சொல்றது, ஒன்பது இடத்துல ஒரு செடிகூட மிஞ்சலை. தேறினது 200 ஹெக்டேர் சொச்சம். காரணங்கள் தெரிஞ்சதுதான்: தப்பான மட்டம், தப்பான நீரோட்டம், நட்ட பிறகு பார்த்துக்க ஆள் இல்லாதது. என்னோட நாற்பது செடியும் அந்தக் கணக்குலதான் வரும்.

இப்போ என்ன?

2022-ல் பிச்சாவரம் ராம்சர் பட்டியல்ல சேர்ந்தது. சென்னைவாசிகளுக்கு நல்லாத் தெரிஞ்ச பள்ளிக்கரணையும் அதே வருஷம்தான் சேர்ந்தது. 2023 மத்திய பட்ஜெட்டுல அலையாத்திக்குன்னே ‘மிஷ்டி’ திட்டத்தை அறிவிச்சாங்க. இன்னும் நிறைய பஸ் வரும், நிறைய பச்சை டி-ஷர்ட் வரும். நல்லதுதான். நான் யாரையும் போகாதீங்கன்னு சொல்லல.

போறதுக்கு முன்னாடி கூப்பிடுறவங்ககிட்ட மூணு கேள்வி கேளுங்க. இந்த இடத்துல தண்ணி எப்படி வருது, எப்படிப் போகுது? முன்னாடி இங்க காடு இருந்துச்சா, இருந்திருந்தா ஏன் போச்சு? அடுத்த வருஷம் இதை யார் பார்த்துக்கப் போறாங்க, அந்த ஊர்க்காரங்களைக் கேட்டீங்களா? பதில் இல்லன்னா உங்க செடியும் என் செடி மாதிரிதான்.

போன மாசம் நான் மறுபடி ஒரு வேலைக்குப் போனேன். இந்தத் தடவை செடி நடல. ஊர்க்காரங்க முன்னாடி நிக்க, நாங்க பின்னாடி நின்னு ஒரு சின்ன வாய்க்கால்ல வண்டல் வாரினோம், வேர்ல சிக்கின பிளாஸ்டிக்கை எடுத்தோம். மதியத்துக்குள்ள என் இடுப்பு போச்சு. எனக்கு மண்வெட்டி பிடிக்கக் கத்துக்கொடுத்த அக்கா சிரிச்சுக்கிட்டே, “தம்பி, கம்ப்யூட்டர் மாதிரி மெதுவா தட்டக்கூடாது”ன்னாங்க. யாரும் போட்டோ எடுக்கல, எடுத்தாலும் சேறுதான் தெரியும். சாயங்காலம் ஓதம் வத்தும்போது அந்த வாய்க்கால்ல தண்ணி வெளியே ஓடுறதைப் பார்த்துக்கிட்டு ரொம்ப நேரம் நின்னேன்.

உங்க ஊர்ல நட்ட செடி செத்துப்போன கதை இருந்தா வாய்ஸ் நோட் அனுப்புங்க. உயிரோட இருக்கிற கதையா இருந்தா கண்டிப்பா அனுப்புங்க. அடுத்த எபிசோடுல பார்க்கலாம்.